போர்டைக் கெடுக்காத கருவி எது? பழுதுபார்ப்பு மேசைக்கு ஓர் ஒப்பீடு

பழுதான சர்க்யூட் போர்டு ஒன்று மேசைக்கு வரும்போது அதில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ உறுப்புகள்தான் கெட்டிருக்கும். வேலை முடிந்து திரும்பும்போது, சில சமயம் ஒரு பேட் (உறுப்பின் காலை ஒட்டும் தாமிரத் திட்டு) பெயர்ந்து, ஒரு துளையின் தாமிர உட்பூச்சு காலோடு பிடுங்கி வந்து, பக்கத்தில் நன்றாக இருந்த பிளாஸ்டிக் கனெக்டரும் வளைந்து, வந்ததைவிட மோசமான நிலையில் போகிறது. இதற்குக் கைத்திறன் குறைவு மட்டுமே காரணம் அல்ல. சாதாரணமாகப் பயன்படும் எஃப்ஆர்-4 என்னும் கண்ணாடியிழை எபாக்சி பலகை, ஏறத்தாழ 130 முதல் 140 டிகிரி செல்சியஸ் அளவிலேயே விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். உயர்தர வகைகளில் இந்த எல்லை 170 டிகிரி அளவுக்குப் போகும். ஆனால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கொண்ட சால்டர் (உறுப்புகளைப் போர்டோடு இணைக்கும் உலோகக் கலவை) உருகுவது 183 டிகிரியில். காரீயமில்லாத சாக்305 கலவை உருகுவது 217 முதல் 220 டிகிரியில். ஆகவே, எந்த உறுப்பைக் கழற்றினாலும், தாமிரத்தைப் பலகையோடு பிடித்து வைத்திருக்கும் பிசின் இளகியிருக்கும் நேரத்தில்தான் கழற்றுகிறோம். அந்த நேரம் நீள நீள, அதில் கொடுக்கும் இழுவை கூடக் கூட, பேட் பெயரும் வாய்ப்பும் கூடுகிறது.

கருவி வாங்குவது பற்றிய பேச்சு பெரும்பாலும் வாட் எவ்வளவு, எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. இங்கே கருவிகளை இரண்டு கேள்விகளால் மட்டும் அளக்க விரும்புகிறேன். ஒரு கருவி போர்டின் மேல் எவ்வளவு நேரம் வெப்பத்தையும் எவ்வளவு விசையையும் சுமத்துகிறது என்பது முதல் கேள்வி. தேவையே இல்லாத கழற்றலை அது எந்த அளவுக்குத் தவிர்க்க உதவுகிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் முன்னால் வைத்துப் பார்த்தால், வாங்கும் வரிசை வழக்கமான பட்டியல்களிலிருந்து கொஞ்சம் மாறிவிடுகிறது.

சால்டரிங் அயர்ன்: வாட்டைவிட முக்கியமானது

சந்தையில் உள்ளவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். மின்செருகியில் நேரடியாகப் பொருத்தும், வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 25 முதல் 60 வாட் வரையிலான அயர்ன் முதல் வகை. பீங்கான் ஹீட்டரின் மேல் உள்ளீடற்ற முனையான பிட்டைச் செருகிக்கொள்ளும் ஸ்டேஷன் இரண்டாவது. ஹக்கோ நிறுவனத்தின் 936-ம் அதை ஒட்டி வந்த எண்ணற்ற மாதிரிகளும் இந்த வகை. ஹீட்டர், வெப்ப உணரி, பிட் மூன்றும் ஒரே துண்டாக அமைந்த கார்ட்ரிட்ஜ் வகை மூன்றாவது. ஹக்கோவின் டி12, ஜேபிசியின் சி245, சி210 ஆகியவை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

முதல் வகையின் குறை அது சூடாகாது என்பதல்ல. சும்மா தாங்கியில் இருக்கும்போது அதன் பிட் 400 டிகிரியையும் தாண்டக்கூடும். பெரிய பேட்டில் வைத்ததும் வெப்பத்தை இழந்து சரிந்துவிடும். சிறிய உறுப்புக்கு அளவுக்கு மீறிய சூடு, பெரிய உறுப்புக்குப் போதாத சூடு என்று இரண்டு பக்கமும் தவறாகவே நடந்துகொள்ளும். மேலும் இவற்றுள் பலவற்றின் பிட்டுக்கு எர்த் இணைப்பு இல்லாததால், நுண்ணிய ஐசி சிப்புகளின் அருகே கொண்டுபோவதற்கே தயக்கம் வரும். கம்பி இணைக்கவும் பேட்டரித் தகடு ஒட்டவும் அது போதும்; போர்டு வேலைக்கு, இடைக்கால ஏற்பாடாகக்கூட நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளுக்கு இடையிலான வேறுபாடுதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. செருகு பிட் வகையில் ஹீட்டருக்கும் பிட்டுக்கும் இடையே மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது; உணரி இருப்பதோ உள்ளே, ஹீட்டரின் பக்கத்தில். பிட்டின் முனை போர்டின் கிரவுண்ட் பரப்பில் (அகன்ற தாமிரத் தளத்தில்) வெப்பத்தை இழக்கும் செய்தி உணரியை எட்டவும், ஈடுகட்டும் வெப்பம் முனைக்கு வந்து சேரவும் நேரமாகிறது. அந்தத் தாமதத்தைச் சமாளிக்க, வேலை செய்பவர் வெப்பநிலையை 400-க்கும் 420-க்கும் ஏற்றிவிடுகிறார். ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் துணைப்பொருள்) கருகுகிறது, பிட் கறுத்து சால்டரை ஏற்க மறுக்கிறது, அதனால் இன்னும் அழுத்துகிறார், கடைசியில் பேட் போகிறது. கார்ட்ரிட்ஜ் வகையில் உணரி முனைக்கு மிக அருகில் இருப்பதால், 320 முதல் 350 டிகிரியில் வைத்தே, காரீயமில்லாத சால்டர் நிறைந்த கனமான இணைப்பையும் சில விநாடிகளில் உருக்க முடிகிறது. 70 வாட் என்று எழுதிய செருகு பிட் ஸ்டேஷனும் 70 வாட் டி12 ஸ்டேஷனும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே காரணம்.

டி12-க்கும் ஜேபிசி வகைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது வேறு கணக்கு. சி245 இன்னும் வேகமாக வெப்பத்தை மீட்கும். சி210 கைப்பிடி குட்டையானதால் நுண்ணோக்கியின் கீழே பேனா போலப் பிடிக்க வசதி. ஆனால் கார்ட்ரிட்ஜ்களின் விலை கூடுதல், பிட் தேய்ந்தால் ஹீட்டரையும் சேர்த்தே தூக்கிப் போட வேண்டும். முதன்முதலாக வாங்குபவருக்கு டி12 போதுமென்றே நினைக்கிறேன். மிச்சமாகும் பணத்தில் மூன்று நான்கு வடிவ பிட்டுகள் வாங்கிக்கொள்ளலாம். யூஎஸ்பி-சி மின்சாரத்தில் இயங்கும் பைன்சில் போன்ற கையடக்க அயர்ன்களும் கார்ட்ரிட்ஜ் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். நல்ல மின்வழங்கி கொடுத்தால் சாதாரண போர்டுகளில் அவை டி12-க்கு அதிகம் பின்தங்குவதில்லை. இடநெருக்கடி உள்ளவர்கள் தயக்கமின்றி அதை எடுக்கலாம்.

பிட் வடிவம் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். நுண்ணிய வேலைக்கு ஊசி முனை வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஊசி முனையின் பரப்பு சிறியது, அதனால் வெப்பம் கடத்தும் திறனும் குறைவு. 2.4 மில்லிமீட்டர் உளி வடிவ பிட், சாய்வாக வெட்டிய குளம்பு வடிவ பிட், கத்தி வடிவ பிட் ஆகிய மூன்றும் இருந்தால், நெருக்கமான கால்கள் கொண்ட ஐசி உட்பட, அன்றாட வேலையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் முடிக்கலாம்.

சால்டரிலும் ஒரு தேர்வு உண்டு. அபாயப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதிகள் 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், பெருவாரியான நுகர்வோர் சாதனங்களின் போர்டுகள் காரீயமில்லாத சால்டரில்தான் வருகின்றன. சொந்தச் சாதனத்தைப் பழுதுபார்க்கையில் 63/37 கலவையைப் பயன்படுத்துவது போர்டுக்கு நல்லது: உருகுநிலை 30 டிகிரிக்கு மேல் குறைவு, உருகிய நிலையிலிருந்து நேரடியாகத் திண்மமாவதால் இணைப்பு அசைந்து கெடும் வாய்ப்பும் குறைவு. விற்பனைக்குத் திரும்பப் போகும் பொருளானால், அந்த இடத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காரீயப் புகையைப் பற்றி அஞ்சுவோர் உண்டு. சால்டரிங் வெப்பநிலையில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. மூச்சுக்குழலை உறுத்துவது ஃபிளக்ஸில் உள்ள ரோசின் புகை. நெடுநாள் சுவாசித்தால் அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. காரீயம் உடலுக்குள் போகும் வழி கையும் வாயும்தான். எனவே புகைக்கு உறிஞ்சு விசிறியும், காரீயத்துக்குச் சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

கழற்றும் கருவிகள்

போர்டுகள் கெடும் இடம் இதுதான் என்பதால், இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

துளைவழி பொருத்திய உறுப்புகளுக்கு வழக்கமாக மூன்று வழிகள். ஸ்பிரிங் வைத்த கை உறிஞ்சி மலிவானது, ஒற்றை அடுக்கு போர்டில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அயர்னை எடுத்து உறிஞ்சியை வைக்கும் அரை விநாடியில் சால்டர் உறையத் தொடங்கும். உறிஞ்சி உதைக்கும் அதிர்வில் அதன் முனை பேட்டில் இடிப்பதும் உண்டு. பின்னிய தாமிர விக், பரப்பில் கிடக்கும் சால்டரைத் துடைத்தெடுப்பதில் ஈடிணையற்றது. துளைக்குள் இருப்பதை எடுப்பதில் அவ்வளவு இல்லை. அத்துடன் விக்கும் தாமிரம் என்பதால் வெப்பத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். சூடான முனையிலேயே உறிஞ்சு துளை கொண்ட மின் வெற்றிடத் துப்பாக்கி மூன்றாவது. உருக்குவதும் உறிஞ்சுவதும் ஒரே கணத்தில் நடப்பதால், நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு போர்டுகளில் கிரவுண்டோடு இணைந்த துளைகளை இது மட்டுமே ஒழுங்காகச் சுத்தம் செய்கிறது. ஹக்கோவின் எஃப்ஆர்-301 போன்ற, பம்ப்பும் கைப்பிடிக்குள்ளேயே அடங்கிய வகையை வாங்கினால் மேசையில் இடமும் மிச்சம். பவர் சப்ளை, ஆடியோ, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு போர்டுகள் என்று துளைவழி உறுப்புகளையே அதிகம் பார்ப்பவருக்கு, இந்தத் துப்பாக்கி ஹாட் ஏர் ஸ்டேஷனுக்கு முன்னால் வர வேண்டும். அதன் உட்குழாயை அடிக்கடி கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் பொறுமை இல்லாதவர் வாங்க வேண்டாம். அடைத்துக்கொண்ட துப்பாக்கி, கை உறிஞ்சியைவிடத் தீங்கானது.

கெட்டது என்று உறுதியான உறுப்பைக் கழற்ற, இந்த மூன்றையும்விடப் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டியது நல்ல பக்கவெட்டுக் கட்டர் மட்டுமே. கால்களை உடலோடு ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி ட்வீசரால் உருவலாம். பதினாறு கால்களும் ஒரே நேரத்தில் உருகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனதும், போர்டின் மேலுள்ள சுமையும் போய்விடுகிறது. செத்த உறுப்பை முழுதாகக் காப்பாற்றி எடுக்க முனைந்து, உயிரோடு இருக்கும் போர்டைப் பலியிடுவது ஏனோ பலருக்கு வழக்கமாகிவிட்டது.

பரப்பில் பொருத்திய உறுப்புகளில், பலரும் மறந்துபோகும் ஒரு தேர்வு தாழ்உருகு கலவை. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த 42/58 கலவை 138 டிகிரியில் உருகும். கழற்றுவதற்கென்றே விற்கும் சில கலவைகள் அதற்கும் வெகு கீழே உருகும். இதைக் கால்களில் உள்ள சால்டரோடு கலந்துவிட்டால், கலவை முழுதும் நீண்ட நேரம் உருகிய நிலையிலேயே இருக்கும். சாதாரண அயர்னை வைத்தே ஐசியை மெல்ல நகர்த்தி எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் கனெக்டர் ஒட்டியிருக்கும் இடங்களில் ஹாட் ஏரைவிட இது மிகவும் மேலானது. ஆனால் எடுத்தபின் விக்கால் முற்றிலும் துடைக்க வேண்டும். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் மூன்றும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகும் கலவை உருவாகும் என்பதால், மிச்சம் கிடந்தால் புதிய இணைப்பு சாதனத்தின் சொந்தச் சூட்டிலேயே தளர்ந்துவிடக்கூடும்.

இனி ஹாட் ஏர். கைப்பிடிக்குள்ளேயே சிறு விசிறி வைத்த 858டி வகை ஒரு பக்கம்; அடிப்பெட்டியில் டர்பைன் வைத்து, ஆயிரம் வாட் அளவில் காற்றைச் சூடாக்கும் குயிக் 861டிடபிள்யூ போன்ற வகை மறுபக்கம். எட்டுக்கால் ஐசி, சிறு மின்தேக்கி, மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஆகியவற்றை எடுக்க முதல் வகை தாராளமாகப் போதும். கிராபிக்ஸ் கார்டு, மடிக்கணினி மதர்போர்டு என்று கனத்த தாமிர அடுக்குகள் உள்ளவற்றில்தான் இரண்டாவதன் வலிமை தெரியும். திரையில் காட்டும் எண் காற்றின் வெப்பநிலை. போர்டின் வெப்பநிலை அல்ல. அது தூரத்தையும் நாசிலையும் காற்றின் வேகத்தையும் பொறுத்து முற்றிலும் மாறும். 858டி வகையில் மிக மலிவான சில ஸ்டேஷன்களில், உலோக உடலுக்கு எர்த் சரியாக இணைக்காமலும், சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்தும் தயாரித்திருப்பது உண்டு. வாங்கியதும் செருகும் முன்பே திறந்து பார்ப்பது கட்டாயம்.

வலிமையான ஹாட் ஏரை வாங்குவதா, அல்லது சாதாரண ஹாட் ஏரோடு அடியிலிருந்து சூடாக்கும் பிரீஹீட்டரை வாங்குவதா என்று கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன். போர்டு முழுவதையும் முதலில் 100 டிகிரி அளவுக்கு மெதுவாகக் கொண்டுவந்துவிட்டால், மேலிருந்து கொடுக்க வேண்டிய வெப்பம் வெகுவாகக் குறைகிறது. ஓரிடம் மட்டும் சூடாகிப் பலகை வளைவதும் குறைகிறது. கனத்த துளைவழி கனெக்டர்களுக்கும் இதே பிரீஹீட்டர் கைகொடுக்கும் என்பது கூடுதல் நன்மை. பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளையும் பிளாஸ்டிக்கையும் பாலிஇமைட் டேப்பாலும் அலுமினியத் தாளாலும் மறைத்துக்கொள்ள மறக்கக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு குழாய் நல்ல ஜெல் ஃபிளக்ஸ். அயர்ன், விக், ஹாட் ஏர் என எதைப் பயன்படுத்தினாலும், ஃபிளக்ஸ் இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடிகிறது. அதாவது போர்டு பாதி நேரம்தான் சூட்டில் இருக்கிறது. ரோசின் வகையோ, கழுவத் தேவையில்லாத வகையோ, எதுவானாலும் சரி. குழாய் இணைப்பு வேலைக்கு விற்கும் துத்தநாகக் குளோரைடு அமிலப் பேஸ்ட் மட்டும் மேசைக்கே வரக்கூடாது. அது தாமிரத் தடத்தை அரித்துக்கொண்டே போகும்.

கழற்றாமலே கண்டுபிடிப்பது

மல்டிமீட்டர் பற்றி விவாதமே இல்லை, வேண்டும். மின்சாரம் நேரடியாக வரும் பகுதிகளைத் தொடுவதாக இருந்தால், ஐஇசி 61010 தரத்தின்படி உண்மையாகச் சோதித்த, நல்ல ஃபியூஸ் வைத்த மீட்டராக இருக்க வேண்டும். இலக்கங்கள் எத்தனை என்பதைவிட, தொடர்ச்சி ஒலி தாமதமின்றி வருகிறதா, டையோடு நிலை தெளிவாக இருக்கிறதா என்பதே போர்டு வேலையில் முக்கியம். மின்சாரம் கொடுக்காமல், சிவப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, கறுப்பு முனையால் கனெக்டரின் ஒவ்வொரு காலையும் டையோடு நிலையில் அளந்து, நல்ல போர்டின் அளவுகளோடு ஒப்பிட்டால், எந்த இணைப்பில் ஐசி செத்திருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். விலையுயர்ந்த எந்தக் கருவியும் இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாகாது.

மல்டிமீட்டர் திணறும் இடம் ஷார்ட். ஒரு மின்வழங்கல் தடத்தோடு ஐம்பது மின்தேக்கிகள் இணைந்திருக்க, அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால், மீட்டர் எல்லாவற்றிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். 35 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தாமிரத் தடத்தின் மின்தடை, ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிஓம் மட்டுமே. பத்தில் ஒரு ஓம் வரை மட்டும் பிரித்தறியும் மீட்டருக்கு இந்த வேறுபாடு புலப்படாது. இங்கேதான் மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் பவர் சப்ளை தன் விலையைத் திரும்பத் தருகிறது. மின்னழுத்தத்தை அந்தத் தடத்தின் இயல்பான அளவுக்குக் கீழே, பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவில், வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றினால், ஷார்ட் ஆன உறுப்பே சூடாகிக் காட்டிக்கொடுக்கும். 0.05 ஓம் ஷார்ட்டில் 3 ஆம்பியர் பாய்ந்தால் 0.45 வாட், ஒரு கடுகளவு மின்தேக்கிக்கு அது பெரிய சூடு.

அந்தச் சூட்டை எப்படிப் பார்ப்பது என்பதில் தேர்வுகள் உண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பூசினால், சூடான உறுப்பின் மேல் அது முதலில் காய்ந்துவிடும். கிட்டத்தட்டச் செலவே இல்லை. உறைகுளிர் ஸ்பிரேயால் வெண்பனி படியவைத்து, எங்கே முதலில் உருகுகிறது என்று பார்ப்பது இன்னும் தெளிவானது. ஆனால் ஸ்பிரே தீர்ந்துகொண்டே இருக்கும். 256-க்கு 192 புள்ளிகள் கொண்ட, கைப்பேசியில் செருகும் வெப்பப் படக்கருவி அருகண்மை லென்ஸோடு இருந்தால், ஒரே பார்வையில் முடிந்துவிடும். எனினும் பளபளக்கும் உலோகம் வெப்பக் கதிரைக் குறைவாகவே உமிழ்வதால், உலோக மூடியுள்ள உறுப்புகள் சூடாக இருந்தும் குளிர்ந்தவைபோலத் தோன்றும். வாரந்தோறும் மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் வருபவருக்கு வெப்பக் கருவி தகும்; மற்றவருக்குப் பவர் சப்ளையும் ஒரு புட்டி ஆல்கஹாலும் போதும். பவர் சப்ளை இல்லாமல் வெப்பக் கருவியை மட்டும் வாங்குவது தலைகீழ் வரிசை.

மின்தேக்கியின் உள் மின்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டருக்கு ஒரு தனி இடம் உண்டு. 100 கிலோஹெர்ட்ஸ் அளவில், டையோடுகளைத் திறக்கப் போதாத சிறிய மின்னழுத்தத்தில் அளப்பதால், எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளைப் பெரும்பாலும் கழற்றாமலே சோதித்துவிடலாம். தேவையில்லாத கழற்றலைத் தவிர்ப்பது என்னும் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்லும் கருவி வேறில்லை. இணையாகப் பல மின்தேக்கிகள் இருந்தால் நல்ல மின்தேக்கி கெட்டதை மறைத்துவிடும் என்பதையும், ஷார்ட் ஆன மின்தேக்கி ஈஎஸ்ஆர் மீட்டரில் மிகச் சிறந்ததுபோலத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தூண்டம், மின்தேக்கம், மின்தடை மூன்றையும் அளக்கும் எல்சிஆர் மீட்டர் இதைவிடத் துல்லியமானது. ஆனால் கழற்றி எடுத்த உறுப்புக்கே அது உகந்தது.

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை எப்போது வாங்குவது? பலரும் இரண்டாவதாக வாங்குகிறார்கள். நான் அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வைப்பேன். போர்டு முற்றிலும் செத்திருந்தால் காரணம் பெரும்பாலும் மின்வழங்கலில் இருக்கும், அதை மீட்டரே கண்டுபிடிக்கும். எல்லா மின்னழுத்தங்களும் சரியாக இருந்தும் சாதனம் இயங்கவில்லை, அல்லது இயங்கி இயங்கி நிற்கிறது என்னும் நிலையில்தான் கிளாக் ஓடுகிறதா, ரீசெட் விடுபடுகிறதா, மின்வழங்கலில் ரிப்பிள் (மின்னழுத்த அலைவு) எவ்வளவு என்று பார்க்க ஸ்கோப் தேவை. அலைவரிசை அகலத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: 0.35-ஐ அகலத்தால் வகுத்தால் அந்த ஸ்கோப் காட்டக்கூடிய மிகக் குறைந்த ஏற்ற நேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு அது 7 நானோவிநாடி. 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5. ஸ்விட்சிங் சப்ளைகள், ஆடியோ, மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் ஆகியவற்றுக்கு 50 மெகாஹெர்ட்ஸே நிறைவானது. இரண்டு சேனல் 200 மெகாஹெர்ட்ஸுக்கும் நான்கு சேனல் 50 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், நான்கு சேனலை எடுப்பது பழுதுபார்ப்பவருக்குப் பயன். எது முதலில் விழுகிறது, எது பிறகு விழுகிறது என்னும் வரிசை அதில்தான் தெரியும். தொடர்பு இணைப்புகளில் ஓடும் எண்களைப் படிப்பது மட்டுமே நோக்கமென்றால், 24 மெகாஹெர்ட்ஸ் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்றும் பல்ஸ்வியூ மென்பொருளும் அந்த வேலையை மிகக் குறைந்த செலவில் செய்துவிடும். ஆனால் அது பூஜ்யம், ஒன்று என்று மட்டுமே பார்க்கும், 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.9 வோல்ட்டில் தள்ளாடும் சிக்னலைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப், மின்செருகியின் எர்த்தோடு நேராக இணைந்தது. ஸ்விட்சிங் சப்ளையில் மின்செருகியோடு நேரடியாக இணைந்த முதன்மைப் பக்கத்தில் அதை மாட்டினால் ஷார்ட், வெடிப்பு, சில சமயம் ஸ்கோப்பே போய்விடும். ஸ்கோப்பின் எர்த் கம்பியைத் துண்டித்துவிடுவது சிலர் சொல்லும் தீர்வு. அது ஸ்கோப்பின் உலோகப் பகுதிகளையே உயிர்க்கொல்லியாக்கும் வேலை. சோதிக்கும் சாதனத்தை மின்செருகியிலிருந்து மின்னிணைப்பைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இயக்க வேண்டும், அல்லது எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வாங்க வேண்டும். மின்வழங்கல் வேலை எப்போதாவதுதான் வருமென்றால், முதன்மைப் பக்கத்தை ஸ்கோப்பால் தொடாமலே விட்டுவிடுவது மூன்றாவது வழி. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேராக்கியதும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும். அணைத்த பிறகும் நிற்கக்கூடும். ஸ்குரூடிரைவரால் தட்டாமல், தகுந்த வாட் கொண்ட மின்தடையால் இறக்கி, மீட்டரால் உறுதிசெய்துகொண்டு கை வைக்க வேண்டும்.

சப்ளை வேலைக்கு மிகவும் மலிவான பாதுகாப்புக் கருவி தொடர் விளக்கு. பழுதுபார்த்த சப்ளையோடு 60 வாட் இழை பல்பைத் தொடராக இணைத்து இயக்கினால், 230 வோல்ட்டில் பல்பு விடும் மின்னோட்டம் கால் ஆம்பியர் அளவோடு நின்றுவிடும். ஷார்ட் இன்னும் இருந்தால் பல்பு முழுதாக எரியும், புதிய மாஸ்ஃபெட் பிழைக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழையின் மின்தடை சூட்டில் ஏறுவதுதான் இங்கே வேலையையே செய்கிறது.

கண்ணுக்கு

உருப்பெருக்கி இல்லாமல் வாங்கும் மற்ற கருவிகள் பாதிப் பயனையே தரும். 0402 அளவு உறுப்பு 1 மில்லிமீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர், கால்களுக்கு இடையே விரிந்த விரிசலும், சால்டர் இழையும் அதைவிட நுண்ணியவை. தலையில் மாட்டும் உருப்பெருக்கி துளைவழி வேலைக்குப் போதும். பரப்பு உறுப்புகளுக்கு யூஎஸ்பி டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பா, இரு கண்ணால் பார்க்கும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பா என்றால், பரிசோதிக்க மட்டும் முதலாவது, கீழே வைத்து வேலை செய்ய இரண்டாவது. டிஜிட்டல் திரையில் கை அசைவு சற்றுத் தாமதமாகத் தெரிவதாலும், ஆழம் தெரியாததாலும், அயர்ன் முனை பேட்டுக்கு மேலே இருக்கிறதா, தொட்டுவிட்டதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். 7 முதல் 45 மடங்கு வரை பெருக்கும் ஸ்டீரியோவில் 0.5 பார்லோ லென்ஸ் சேர்த்தால், பெருக்கம் பாதியாகும், வேலை செய்யும் இடைவெளி இரட்டிப்பாகும். அயர்ன் நுழைய இடம் கிடைக்கும். வாங்கும்போது பார்லோவைச் சேர்த்தே வாங்குவது நல்லது.

நிலைமின் காப்புக்கு, கிரவுண்டோடு இணைத்த பாயும் உள்ளே 1 மெகாஓம் மின்தடை வைத்த கைப்பட்டையும் போதும். அந்த மின்தடை அணிந்திருப்பவரின் உயிருக்காக, அதைத் தவிர்த்து நேராகக் கம்பி கட்டக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டி தண்ணீர் புகுந்த போர்டுகளை அருமையாகக் கழுவும். மைக்ரோஃபோன், குவார்ட்ஸ் படிகம், ரிலே ஆகியவை உள்ள போர்டை அதில் இறக்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

எதை எந்த வரிசையில்

பவர் சப்ளை, ஆடியோ, வீட்டுச் சாதனக் கட்டுப்பாட்டு போர்டுகள் பார்ப்பவர் முதலில் மீட்டர், டி12, ஃபிளக்ஸ், தொடர் விளக்கு, ஈஎஸ்ஆர் மீட்டர் ஆகியவற்றை வாங்கி, அடுத்து வெற்றிடத் துப்பாக்கிக்குச் செல்லலாம். ஹாட் ஏர் காத்திருக்கட்டும். மடிக்கணினி, கைப்பேசி பார்ப்பவருக்கு மீட்டரையும் அயர்னையும் அடுத்து ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், பெஞ்ச் சப்ளை, ஹாட் ஏரோடு பிரீஹீட்டர் என்று வரிசை மாறும். துப்பாக்கி அவருக்குத் தேவைப்படாமலே போகலாம். இரண்டும் கலந்து வருபவர் முதல் வரிசையில் தொடங்குவதே மேல், ஏனெனில் அதில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இரண்டாவது வேலைக்கும் பயன்படும்.

அடியில் சால்டர் உருண்டைகளால் பொருந்தும் பிஜிஏ சிப்புகளைக் கழற்றி மாட்டும் ரீவொர்க் நிலையத்தை இந்த இரண்டு வரிசையிலும் சேர்க்கவில்லை. சிப்பைச் சூடாக்கியதும் சாதனம் உயிர்பெற்றுவிடுவதைப் பார்த்து, அடியிலுள்ள சால்டர் உருண்டைகளே பழுது என்று பலர் முடிவுசெய்கிறார்கள். பல நேரங்களில் விரிசல் இருப்பது சிப்பின் உறைக்குள்ளே, சிலிக்கானுக்கும் அதன் தாங்கு பலகைக்கும் இடையிலான இணைப்பில். வெப்பம் அதைச் சிறிது காலத்துக்கு ஒட்டவைக்கிறது, அவ்வளவே. உருண்டைகளைப் புதிதாக மாற்றிப் பொருத்தினாலும் அந்தப் பழுது திரும்பும். மாற்றுச் சிப் நம்பகமாகக் கிடைக்கும் வழியும், அந்த வேலை தொடர்ந்து வரும் எண்ணிக்கையும் இருந்தால் ஒழிய, அந்த இயந்திரம் மேசையின் பாதியை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். இன்ன சிப்தான் பழுது என்பதை அளவுகளால் உறுதிசெய்து, அந்த வேலையை நாள்தோறும் செய்யும் ஒருவரிடம் போர்டை அனுப்பிவிடுவது செலவிலும் குறைவு, போர்டுக்கும் பாதுகாப்பு.